முப்பது விநாடியில் எத்தனை விழுங்கல்?

சாப்பிடும்போது உங்களுக்குப் புரையேறினால் வீட்டுப் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? உச்சந்தலையில் தட்டி, "யாரோ உன்னை நினைக்கிறார்கள்" என்பார்கள். உண்மையில் உங்களை இருமவைப்பது மூச்சுக்குழலுக்குள் நுழையப் பார்த்த ஒரு பருக்கையோ ஒரு சொட்டு நீரோதான்.

தொண்டையில் மூச்சுக்கும் உணவுக்கும் கொஞ்ச தூரம் ஒரே பாதை. பிறகு முன்னால் மூச்சுக்குழலாகவும் பின்னால் உணவுக்குழலாகவும் அது பிரிகிறது. நாம் விழுங்கும்போது குரல்வளை மேலே எழும்புகிறது. குரல்வளை மூடி என்னும் இலை போன்ற தகடு அதன்மீது கவிழ்கிறது. குரல் நாண்கள் நெருங்கி வழியை அடைக்கின்றன; மூச்சும் நின்றுவிடுகிறது. இத்தனையும் ஏறக்குறைய ஒரு விநாடிக்குள்!

முதுமையில் இந்தத் தசைகள் மெலிகின்றன. பக்கவாதம் வந்தவர்களுக்கு நரம்புகளின் கட்டளையும் தடுமாறும். கதவு சாத்துவது சிறிது தாமதமானாலும் போதும். சோற்றைவிடத் தண்ணீரே பலருக்கு ஆபத்தானது என்றால் வியப்பாக இல்லையா? சோற்று உருண்டை மெல்ல நகரும். நீரோ கதவு மூடுமுன் பாய்ந்துவிடும்.

இருமல் வந்தால் நல்லதுதான். காவற்காரன் விழித்திருக்கிறான் என்று பொருள். சில முதியோருக்குத் தொண்டையின் உணர்ச்சி மங்கிவிடுகிறது. அப்போது இருமலே இல்லாமல், வாயிலுள்ள கிருமிகளோடு உமிழ்நீரும் உணவும் நுரையீரலுக்குள் கசிகின்றன. விளைவு நிமோனியா. முதியோர் மிகுந்த ஜப்பானில், இவ்வகை நிமோனியாவால் நேரும் இறப்புகளை 2017 முதல் தனியாகவே கணக்கிடுகிறார்கள்.

பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து, அது போகும் வழியை எக்ஸ் கதிர்த் திரையில் பார்த்தால் குறை தெரிந்துவிடும். ஆனால் எல்லா முதியோரையும் அக்கருவியின் முன் உட்காரவைக்க முடியுமா? அது யாருக்குத் தேவை என்று முதலில் சலித்தெடுக்க வேண்டும். ஜப்பானிய மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு சோதனைக்கு, விரலும் கடிகாரமும் இருந்தால் போதும்.

நீங்களே செய்து பாருங்கள். கழுத்தின் முன்புறம் துருத்தியிருக்கும் குருத்தெலும்பின்மேல் விரலை மெதுவாக வையுங்கள். பேச்சு வழக்கில் இதைச் சங்கு என்பார்கள். எச்சிலை விழுங்குங்கள். சங்கு விரலைத் தாண்டி மேலே ஏறி இறங்குகிறதல்லவா? 30 விநாடிகளில் எத்தனை முறை விழுங்க முடிகிறது என்று எண்ணுங்கள். முதியவர் ஒருவர் 3 முறைக்குக் குறைவாக விழுங்கினால் சந்தேகப்பட வேண்டும்.

சந்தேகம்தான், முடிவல்ல. சில மாத்திரைகளால் வாய் வறண்டவருக்கும் எண்ணிக்கை குறையும். மறதி நோய் உள்ளவருக்கு "விழுங்குங்கள்" என்று சொல்வதே புரியாமல் போகலாம்.

சுமார் 90 மில்லி லிட்டர் நீரை நிறுத்தாமல் குடிக்கச் சொல்லி, இருமுகிறாரா, குரல் களகளக்கிறதா என்று கவனிக்கும் சோதனையும் உண்டு. அதைத் தாத்தாவிடம் செய்து பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள்! சரியாக விழுங்க முடியாதவருக்கு அந்த நீரே தீங்கு. அது மருத்துவமனையில் செய்ய வேண்டியது.

இத்தொல்லையைப் பல முதியோர் வெளியே சொல்வதில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். சாப்பிட்டபின் அடிக்கடி செருமுவார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு நெடுநேரம் எடுத்துக்கொள்வார்கள். இப்படி எதையேனும் கண்டால் அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள். மருத்துவர் சிலருக்குத் தாடையைத் தாழ்த்தி விழுங்கப் பழக்குவார். சிலருக்கு நீரைக் கஞ்சிப் பதத்தில் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்வார். அது பலருக்குப் பிடிப்பதில்லை; பிடிக்காமல் போவதிலும் தவறில்லை! பல் துலக்குவதோ எல்லாருக்கும் எளிது. ஜப்பானிய முதியோர் இல்லங்களில் செய்து 1999இல் வெளியான ஆய்வில், உணவுக்குப் பின் வாயைத் தவறாமல் சுத்தம் செய்யப்பட்டவர்களுக்கு நிமோனியா குறைவாகவே வந்தது.