பத்தரை வரிக் கவிதை

சானெட்டுக்குப் பதினான்கு வரி. 13-ஆம் நூற்றாண்டில் சிசிலி அரசவையில் பிறந்த வடிவம் இது. அடுத்த நூற்றாண்டில் பெட்ரார்க் கையில் நிலைபெற்றது. முதல் எட்டு வரி ஒன்றைச் சொல்லும். ஒன்பதாவது வரியில் நினைப்பு திரும்பும். மீதி ஆறும் அந்தத் திருப்பத்துக்கு உரியவை. இயற்கையைப் பாடுகிறவருக்கு வாகான அமைப்பு: எட்டு வரியில் கண்டதைச் சொல்லலாம், ஆறு வரியில் அது மனத்துக்குள் என்ன செய்தது என்று சொல்லலாம்.

1877 கோடையில், வேல்ஸில் குருமாணவராக இருந்த ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் இந்த வடிவத்தைச் சுருக்கினார். கடைசி வரிகளை மட்டும் வெட்டி எறிந்திருந்தால் திருப்பம் இடம் மாறியிருக்கும். அவர் விகிதத்தைக் காப்பாற்றினார். எட்டில் முக்கால் ஆறு, ஆறில் முக்கால் நாலரை, கூட்டினால் பத்தரை. தம் கவிதைகளின் முன்னுரையில் இந்தக் கணக்கைப் பின்னங்களாகவே எழுதிவைத்தார்.

அந்தக் கவிதை 'பைட் பியூட்டி'. புள்ளியும் திட்டுமாக இருப்பவற்றின் அழகைப் பாடுவது. இரு நிற வானம், டிரவுட் மீனின் மேல் செம்புள்ளிகள், குருவிச் சிறகு, உழுததும் தரிசுமாகக் கிடக்கும் நிலம், தொழிலாளியின் கருவிகள் எல்லாம் ஆறு வரிக்குள் வந்து நெருங்கி நிற்கின்றன. பிறகு திருப்பம்: இனிப்பும் புளிப்பும், வேகமும் மெதுவும் என எதிரெதிர்க் குணங்கள், அவற்றைப் படைத்தவன். கடைசி அரை வரியில் இரண்டே சொற்கள். நாற்சீராக நடந்துவந்த வெண்பா, ஈற்றடியில் முச்சீரோடு நிற்கும்போது காது உணரும் நிறைவை அறிந்தவர்களுக்கு அந்த நிறுத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

இது வெறும் கணக்கு விளையாட்டு அல்ல என்பது என் உறுதியான எண்ணம். ஹாப்கின்ஸின் நாட்குறிப்புகளில் மேகம், அலை, மர இலை எல்லாம் அளந்து பார்த்ததுபோல் பதிவாகியிருக்கின்றன. 1883-இல் கிரகடோவா எரிமலை வெடித்தது. அதன் பிறகு இங்கிலாந்து வானில் தோன்றிய விசித்திரமான அந்தி நிறங்களை விவரித்து 'நேச்சர்' அறிவியல் இதழுக்கு அவர் எழுதிய கடிதம் 1884 ஜனவரியில் வெளியானது. அந்திச் சிவப்பின் சாயல்களைப் பிரித்தறிந்த அதே கண்தான் எட்டுக்கும் ஆறுக்கும் உள்ள உறவையும் கவனித்தது.

1888-இல், இயற்கையைப் பெருநெருப்பாகக் கண்டு அவர் எழுதிய சானெட், வால்வரிகள் சேர்ந்து 24 வரியாக நீண்டது. மறு ஆண்டே காலமானார். நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் அவர் கவிதைகளை நூலாக்கியது 1918-இல்.

'பைட் பியூட்டி' கிடைத்தால் வாய்விட்டுப் படியுங்கள். அந்த அரை வரிக்குப் பிறகு கொஞ்சம் பேசாமல் இருங்கள்.