சேமித்த கணக்கு வேறு, இன்றைய கணக்கு வேறு!
கணிப்பொறி ஏஜெண்டிடம் கணக்குக் கேட்கும் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை

பாக்கியை முழுவதும் கட்டி முடித்த வாடிக்கையாளரிடம், "உங்கள் கணக்கில் இன்னும் 4,200 ரூபாய் நிற்கிறதே" என்று கேட்டுவிட்டால் என்ன ஆகும்? பணம் நஷ்டமில்லை. ஆனால் பல வருட வாடிக்கை போய்விடும்.

முன்பு கணக்குப்பிள்ளையிடம் கேட்டால் பேரேட்டைப் புரட்டி, "நேற்று மாலை வரை பதிந்தது இது. இன்று காலை வரவு இன்னும் சிட்டையில்தான் இருக்கிறது" என்பார். தொகையுடன் 'எது வரை' என்பதையும் சேர்த்துச் சொல்வது அவர் பழக்கம். இன்று செல்போனில் தமிழில் கேட்டால், செயற்கை நுண்ணறிவு ஏஜெண்ட் நொடியில் தொகையைச் சொல்கிறது. 'எது வரை' என்பதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

விடை எங்கிருந்து வருகிறது?

நாம் போடும் ஒவ்வொரு பில்லும் டேட்டாபேஸ் எனப்படும் தரவுத்தளத்தில் கட்டம் கட்டமாகப் பதிவாகிறது. இந்த அட்டவணை முறையை 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் வகுத்துக் கொடுத்தார். அதனிடம் கேள்வி கேட்க எஸ்.க்யூ.எல். என்ற மொழி உண்டு. 'துவரம் பருப்பு இருப்பு எத்தனை மூட்டை?' என்ற கேள்வி அந்த மொழியில் போய், விடை வரிசை வரிசையாக வருகிறது.

வந்த விடையைப் பல மென்பொருள்கள் தூக்கி எறிவதில்லை. அதற்கு ஓர் எண் கொடுத்து, எடுத்த நேரத்தையும் குறித்துச் சேமித்து வைக்கின்றன.

ஏஜெண்ட் தானாகத் தரவுத்தளத்தைத் தொடுவதில்லை. அதற்கென்று ஒரு கருவி இணைக்கப்பட்டிருக்கும். "இந்த எண்ணுள்ள விடையை எடுத்து வா" என்று ஏஜெண்ட் கேட்கும். கருவி எடுத்துக் கொடுக்கும். ஏஜெண்ட் அதைப் படித்து நமக்குத் தமிழில் சொல்லும். கடைப் பையனைக் குடோனுக்கு அனுப்பி, சுவரில் மாட்டிய இருப்புச் சீட்டைப் பார்த்து வரச் சொல்வது போலத்தான். அவன் மூட்டையை எண்ணவில்லை, சீட்டைப் படித்தான்.

சேமித்ததை எடுப்பது தவறா?

தவறில்லை. ஆயுத பூஜை, தீபாவளி நேரத்தில் மூன்று கவுண்டர்களில் பில் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு வருட விற்பனையைக் கூட்டச் சொன்னால் பில் போடும் கணிப்பொறியே திணறக்கூடும். போன மாத விற்பனை போன்ற முடிந்த கணக்குக்குச் சேமித்த விடையே போதும். ஆடிட்டருக்கும் பங்காளிக்கும் ஒரே தொகையைக் காட்டவும் முடியும்.

மாறிக்கொண்டிருக்கும் கணக்கில்தான் ஆபத்து. காலை 9 மணிக்கு எடுத்த இருப்பு 40 மூட்டை. மாலை 4 மணிக்குள் 31 மூட்டை போய்விட்டது. ஏஜெண்ட் காலை விடையைப் பார்த்து 40 என்கிறது. அதை நம்பி வெளியூர்க் கடைக்காரருக்கு 25 மூட்டைக்கு வாக்குக் கொடுத்தால், கையில் இருப்பது 9. வெளியில் அலைந்து கூடுதல் விலைக்கு வாங்க வேண்டியது 16.

இதற்கு வழி மென்பொருளிலேயே உண்டு. உதாரணமாக, ரீடாஷ் என்ற மென்பொருளில் விடை எவ்வளவு பழையதாக இருக்கலாம் என்பதை நொடிக் கணக்கில் சொல்லலாம். 3600 என்றால் ஒரு மணி நேரத்துக்குள் எடுத்த விடை போதும். 0 என்றால் புதிதாகவே எடுக்க வேண்டும். உங்கள் மென்பொருளில் இந்த ஏற்பாடு எப்படி இருக்கிறது என்று விற்றவரிடம் கேளுங்கள்.

வரிக் கணக்கில் நாம் பார்த்ததுதான்

ஜி.எஸ்.டி. கட்டும் வணிகருக்கு இது புதிதல்ல. ஜி.எஸ்.டி.ஆர்.-2ஏ, சரக்கு கொடுத்தவர்கள் பில்லை ஏற்ற ஏற்ற மாறிக்கொண்டிருக்கும். 2020-இல் வந்த 2பி அப்படியல்ல. மாதந்தோறும் 14-ஆம் தேதி உருவாகி நிற்கும் சேமித்த கணக்கு அது. 2024 அக்டோபரில் வந்த இன்வாய்ஸ் மேலாண்மை முறையில், 14-ஆம் தேதிக்குப் பின் ஒரு பில்லை ஏற்றாலோ மறுத்தாலோ, 2பி-யை மீண்டும் கணக்கிடச் சொல்ல வேண்டும். கடைக் கணக்கிலும் இதே கதைதான்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. இந்த விடை எந்தத் தேதி, எத்தனை மணிக்கு எடுத்தது? இருப்பு, பாக்கி, கல்லா ஆகிய மூன்றுக்கும் புதிதாக எடுக்கச் சொல்லுங்கள்.

2. எந்தக் குடோன், எந்தக் கிளை? ஒரு குடோனுக்குச் சேமித்த விடையை மொத்த இருப்பு என்று எண்ணிவிடக் கூடாது.

3. எல்லா வரிகளும் வந்தனவா? சில கருவிகள் ஓர் அளவுக்கு மேல் வரிகளைக் கொண்டு வருவதில்லை. 1,460 பில்லில் 1,000 மட்டும் வந்தால், அதைக் கூட்டிய தொகை குறையத்தான் செய்யும்.

4. கூட்டியது யார்? ஏஜெண்ட் மனக்கணக்காகக் கூட்டினால் பிசகலாம். கூட்டலைத் தரவுத்தளமே செய்து தருமாறு கேள்வியை அமைக்கச் சொல்லுங்கள்.

5. ஏஜெண்டுக்கு என்ன அனுமதி? படிக்க மட்டும் அனுமதி போதும். பில்லைத் திருத்தவும் அழிக்கவும் அனுமதி வேண்டாம். வாடிக்கையாளர் பெயரும் போன் எண்ணும் கடைக்கு வெளியே எந்தக் கணிப்பொறிக்குப் போகின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. இன்று ஒரு சரக்கின் இருப்பை ஏஜெண்டிடம் கேளுங்கள். குடோனுக்குப் போய் நீங்களே எண்ணுங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் முதலில் விடை எடுத்த நேரத்தைப் பாருங்கள். நேரமும் சரியாக இருந்தால், பதியாத பில்லோ வழியில் போன சரக்கோ இருக்கிறது என்று பொருள். எப்படியானாலும் அன்றே தெரிந்துவிடும்.

பாக்கி கேட்டு ஆளை அனுப்புமுன் ஒரு முறை புதிதாகக் கணக்கு எடுங்கள். அதற்கு ஆகும் நேரம் சில நொடிகள். காப்பாற்றுவது ஒரு வாடிக்கையை.