ஆட்டோகிளேவ் வாங்கும்போது எதைக் கேட்க வேண்டும்? சந்தேகங்களும் விளக்கங்களும்

கல்லூரி நுண்ணுயிரியல் துறை, திசு வளர்ப்புக் கூடம், ரத்தப் பரிசோதனை நிலையம் என எங்கே போனாலும் ஒரு மூலையில் ஆட்டோகிளேவ் இருக்கும். லூயி பாஸ்டருடன் பணியாற்றிய சார்ல் ஷாம்பர்லான் 1879-இல் உருவாக்கிய கருவியின் வழிவந்தது அது. இன்று புதிதாக ஒன்று வாங்கப்போனால், அடிப்படை விலைக்குக் கீழே கூடுதல் வசதிகளின் பட்டியல் நீள்கிறது. அவற்றில் எதற்குப் பணம் கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம் என்ற குழப்பம் பலருக்கும் இருக்கிறது.

பிரஷர் கேஜில் 15 பவுண்டு காட்டினால் கிருமிகள் அழிந்ததாகக் கொள்ளலாமா?

கூடாது. இந்த அளவு அழுத்தம் எந்தக் கிருமியையும் கொல்வதில்லை. நீராவியை 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொண்டுபோகத்தான் அழுத்தம் தேவைப்படுகிறது. அந்த நீராவி பொருளின் மேல் பட்டு நீராகும்போது விடும் வெப்பமே கிருமியைக் கொல்கிறது. சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு என்றால் 121 டிகிரி என்ற கணக்கு, கலனுக்குள் நீராவி மட்டும் இருந்தால்தான் சரி. காற்றில் பாதி உள்ளேயே தங்கிவிட்டால் அதே 15 பவுண்டில் சுமார் 112 டிகிரிதான் கிடைக்கும். காற்றைக் கொஞ்சமும் வெளியேற்றாவிட்டால் 100 டிகிரியோடு நின்றுவிடும். கேஜின் முள்ளுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

மலைப்பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதால், காற்றை முழுவதும் வெளியேற்றினாலும் கேஜ் 15 காட்டும்போது உள்ளே சுமார் 117 டிகிரிதான் இருக்கும். நான்கு டிகிரிதானே என்று விட்டுவிட முடியாது. 117 டிகிரியில் 15 நிமிடம் வைப்பது, 121 டிகிரியில் 6 நிமிடம் வைப்பதற்குத்தான் சமம்.

ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது வெப்பநிலை உணரியைப் பற்றித்தான். காற்று நீராவியைவிடக் கனமானது, அடியில்தான் தேங்கும். உணரியும் அடியில், வடிகுழாய்ப் பக்கம் இருந்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். அந்த உணரி 121 டிகிரியைத் தொட்ட பிறகே டைமர் ஓடத் தொடங்க வேண்டும்.

வெற்றிட பம்ப் வைத்த மாடல்தான் நல்லது என்கிறார்களே?

உள்ளே எதை வைக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கண்ணாடிச் சாமான், வளர்ப்பூடகம் மட்டும் என்றால் நீராவியே மேலிருந்து காற்றைக் கீழே தள்ளி வெளியேற்றும் சாதாரண மாடல் போதும். துணிப் பொதி, நீண்ட ரப்பர் குழாய், பைப்பெட் முனைகள் அடுக்கிய பெட்டி, இறுக்கமாக நிரம்பிய கழிவுப் பை ஆகியவற்றின் இடுக்குகளில் காற்று சிக்கிக்கொள்ளும். அதை உறிஞ்சி எடுக்க பம்ப் வேண்டும். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு விதிகளே இந்த வேறுபாட்டை ஏற்கின்றன. 121 டிகிரியில் கழிவைச் சாதாரண மாடலில் குறைந்தது 60 நிமிடமும், வெற்றிட மாடலில் 45 நிமிடமும் வைக்க வேண்டும்.

பம்ப் வாங்கினால் அது ஒழுங்காக உறிஞ்சுகிறதா என்பதையும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். 1963-இல் வெளியான, பவி, டிக் என்ற இருவரின் பெயரால் அழைக்கப்படும் சோதனைதான் இன்றும் அதற்குப் பயன்படுகிறது. காலிக் கலனில், நிறம் மாறும் தாள் உள்ள சோதனைப் பொதியை வைத்து ஓட்டினால், காற்று தங்கிய இடத்தில் தாளின் நிறம் சீராக மாறியிருக்காது.

ஊடகம் பொங்கி வழிகிறது, சில சமயம் பாட்டில் வெடிக்கிறது. ஏன்?

நேரம் முடிந்ததும் ஆவியைச் சட்டென்று திறந்துவிடுவதால்தான். கலனின் அழுத்தம் இறங்கிவிடும், பாட்டிலுக்குள் இருக்கும் திரவமோ இன்னும் 100 டிகிரிக்கு மேல் இருக்கும். அது அந்தக் கணமே கொதித்துப் பொங்கும். மூடியை இறுக்கியிருந்தால் பாட்டில் வெடிக்கும். கதவைத் திறந்தவரின் முகத்திலும் கையிலும் கொதிநீர் தெறிக்கும். இறுகிய பாட்டில் கையில் எடுத்த பிறகும் வெடிக்கலாம்.

மூடியைத் தளர்த்தி வைப்பதற்குச் செலவில்லை. அதற்கு மேல் மூன்று வசதிகள் இருக்கின்றன. ஒன்று, அழுத்தத்தை மெதுவாக இறக்கும் திரவச் சுற்று. அடுத்தது, பாட்டிலுக்குள்ளேயே விடும் வெப்ப உணரி. 2 லிட்டர் குடுவையின் நடுப்பகுதி சூடேற 100 மில்லி குடுவையைவிட வெகுநேரம் ஆகும். இந்த உணரி இருந்தால் ஊகிக்கத் தேவையில்லை. மூன்றாவது, திரவம் 80 டிகிரிக்குக் கீழே ஆறும்வரை திறக்காத கதவுப் பூட்டு. மாணவர்கள் கையாளும் ஆய்வகத்தில் இந்தப் பூட்டை வேண்டாம் என்று சொல்லிப் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். அது அவர்களின் கண்ணைக் காக்கும் பூட்டு.

பையில் ஒட்டிய, நிறம் மாறும் டேப்பில் கோடு கறுத்துவிட்டால் போதாதா?

அந்தப் பை கருவிக்குள் போய் வந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. கிருமி அழிந்ததை உறுதிசெய்ய, வெப்பத்தை வெகுவாகத் தாங்கும் ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர் பட்டையைக் கழிவின் நடுவில் வைத்து ஓட்டி, பிறகு அது வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டாத பட்டை ஒன்றையும் ஒப்பிட வைத்துக்கொள்ள வேண்டும். கழிவு ஆட்டோகிளேவுக்கு இந்தச் சோதனையை வாரம் ஒரு முறையாவது செய்து, பதிவையும் வைத்திருக்கச் சொல்கின்றன விதிகள். பிரிண்டர் அல்லது யுஎஸ்பி பதிவு வசதி இங்கேதான் உதவும். கழிவைக் கையாளாத சிறிய ஆய்வகத்துக்கு நோட்டும் பேனாவும் போதும்.

ஊறவைத்த கழிவையும் போடலாமா?

ஹைப்போகுளோரைட் கரைசலில் ஊறியதை அப்படியே போடாதீர்கள். குளோரின் வாயு வெளிவரும், எவர்சில்வர் கலனும் அரித்துப்போகும்.

குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா?

உப்புத் தண்ணீர் என்றால் ஹீட்டரில் காறை படிந்து கருவி சீக்கிரம் பழுதாகும். ஹீட்டர் தண்ணீரில் மூழ்கியிருக்கும் எளிய மாடலில் காய்ச்சி வடித்த நீரே நல்லது. தண்ணீர் குறைந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் வசதியைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்.

பழைய ஆட்டோகிளேவ்தான் இருக்கிறது, புதியது வாங்கப் பணமில்லை. என்ன செய்வது?

கேஸ்கட்டையும் சேஃப்டி வால்வையும் முதலில் சோதித்து, தேவைப்பட்டால் மாற்றுங்கள். ஆவி இடைவிடாமல் சீராக வெளிவந்த பிறகே வால்வை மூடுங்கள். உள்ளே வைத்து ஓட்டக்கூடிய சிறிய வெப்பப் பதிவி ஒன்று வாங்கி, சுமையின் நடுவில் வைத்துப் பாருங்கள். 121 டிகிரி வருவதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று தெரிந்தால், அந்த நேரத்தைக் கூட்டிக்கொண்டு பழைய கருவியிலேயே வேலையைத் தொடரலாம். 121 வரவே இல்லை என்றால், சுமையைப் பாதியாக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் வராவிட்டால் பழுது நீங்கும்வரை அதில் எதையும் வைக்க வேண்டாம்.