சலுகை யாருக்கு? – 11: ஏழாயிரத்து ஐந்நூறு டாலர்

போன வாரம் வீட்டுக்கடன் வட்டிக்கான சலுகையைப் பார்த்தோம். இந்த வாரம் வண்டி.

2010 டிசம்பரில் நிஸான் லீஃப் மின்கார் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 32,780 டாலர். அந்த விலையோடு 25,280 என்று இன்னொரு எண்ணும் சேர்த்தே சொல்லப்பட்டது. நடுவிலிருந்த 7,500 டாலர் அரசு தரும் வரிக் கழிவு. ஆனால் ஷோரூமில் எண்ணி வைக்க வேண்டியது முழு விலையைத்தான். ஆண்டு முடிந்து, அடுத்த ஏப்ரலுக்குள் வருமான வரிக் கணக்கோடு 8936 என்ற படிவத்தையும் சேர்த்து அனுப்பினால், அந்த ஆண்டு கட்ட வேண்டிய வரியில் 7,500 டாலர் குறையும்.

வரி அவ்வளவு இருந்தால் குறையும். இல்லாவிட்டால்?

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். ஆண்டு வருமானம் 50,000 டாலர். 2011-இன் விதிப்படி அந்தக் குடும்பத்துக்குப் பொதுக் கழிவு 11,600. தலைக்கு 3,700 வீதம் நான்கு பேருக்கு 14,800. இவை போக மிஞ்சும் 23,600 டாலருக்கு வரி 2,700 டாலருக்குச் சற்றுக் குறைவு. பிள்ளைகளுக்கான தனிக் கழிவைச் சேர்த்தால் அதுவும் இறங்கிவிடும். இந்த வீட்டில் லீஃப் வாங்கினால், சம்பளத்தில் பிடித்த வரி திரும்பி வரலாம்; அதற்கு மேல் ஒரு சென்ட் வராது. மிச்சத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடவும் வழியில்லை. அதே காரை வாங்கிய பக்கத்துத் தெரு மருத்துவருக்கு வரி 30,000 டாலர் என்றால் அவருக்கு 7,500-உம் முழுசாகக் கிடைக்கும்.

கார் ஒன்றுதான், அது குறைக்கும் புகையும் ஒன்றுதான். அரசின் பணம் மட்டும் வருமானத்தைப் பார்த்து நடந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் செவரின் போரன்ஸ்டைனும் லூகஸ் டேவிஸும் வரிக் கணக்குகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். வருமானத்தில் மேலே இருக்கும் ஐந்தில் ஒரு பங்கினர், மின்வாகனக் கழிவில் சுமார் 90 சதவீதத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குச் சூரியத் தகடு, நல்ல ஜன்னல் என்று அவர்கள் பார்த்த பிற பசுமைக் கழிவுகள்கூட இவ்வளவு சாயவில்லை.

இந்தக் கழிவுக்கு விதை போட்டது 2008-இன் சட்டம். மறு ஆண்டே அதைத் திருத்தி எழுதினார்கள். அடித்தொகை 2,500 டாலர். பேட்டரி ஐந்து கிலோவாட்மணியைத் தொட்டால் 417, அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவாட்மணிக்கும் இன்னொரு 417, உச்சவரம்பு 7,500. கணக்குப் போட்டால் பதினாறு கிலோவாட்மணியில் உச்சவரம்பு வந்துவிடும். ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லே வோல்ட் முதலில் வந்தபோது அதன் பேட்டரி சரியாகப் பதினாறு. டொயோட்டாவின் பிளக்-இன் பிரியஸில் 4.4 மட்டுமே, அதற்கு 2,500 டாலரோடு சரி. பேட்டரியின் அளவை இவ்வளவு நுணுக்கமாக எடை போட்டவர்கள், வாங்குகிறவரின் வருமானத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. என்னை வருத்துவது இதுதான்.

இன்னொரு விதி: ஒரு நிறுவனம் அமெரிக்காவில் இரண்டு லட்சம் வண்டி விற்றுவிட்டால் அதற்கான கழிவு படிப்படியாகத் தேய வேண்டும். டெஸ்லா 2018-இல் அந்த எண்ணைத் தாண்டியது. 2019 தொடக்கத்தில் கழிவு 3,750 ஆனது, ஜூலையில் 1,875 ஆனது, 2020 பிறந்தபோது ஒன்றுமே இல்லை. ஜெனரல் மோட்டார்ஸும் சில மாத இடைவெளியில் அதே படிகளில் இறங்கியது. முந்தி ஓடியவர்களுக்குத்தான் முதலில் நின்றது.

2022 ஆகஸ்ட் 16-ஆம் தேதி அதிபர் பைடன் கையெழுத்திட்ட பணவீக்கக் குறைப்புச் சட்டம் எல்லாவற்றையும் மாற்றியது. இரண்டு லட்ச வரம்பு போனது. வருமான வரம்பு வந்தது: தம்பதிக்கு மூன்று லட்சம் டாலர், தனியாளுக்கு ஒன்றரை லட்சம். சாதாரணக் காருக்கு 55,000, எஸ்யூவிக்கும் பிக்கப்புக்கும் 80,000 என்று விலைக்கும் உச்சம் வைத்தார்கள். வண்டியை வட அமெரிக்காவில் பூட்டியிருக்க வேண்டும் என்ற விதி கையெழுத்தான அன்றே அமலுக்கு வந்ததால், கொரியாவிலிருந்து கப்பலில் வந்த ஹூண்டாய் அயோனிக் 5 ஒரே நாளில் கழிவை இழந்தது. பேட்டரிக்கான கனிமம் எங்கே தோண்டியது, பாகம் எங்கே செய்தது என்ற நிபந்தனைகள் பின்னால் வந்தன. அது வர்த்தகப் போரின் கதை. நமக்கு இங்கே வேண்டாம்.

நமக்கு வேண்டியது பலரும் அதிகம் பேசாத இரண்டு விதிகள். ஒன்று, பழைய மின்கார் வாங்குவோருக்கும் முதல்முறையாகக் கழிவு: 25,000 டாலருக்கு மேற்படாத காருக்கு விலையில் 30 சதவீதம், அதிகபட்சம் 4,000. இரண்டாவது, 2024 ஜனவரி முதல் வாங்குகிறவர் தன் கழிவை டீலருக்கே மாற்றிக் கொடுக்கலாம். டீலர் அந்தத் தொகையை விலையில் அங்கேயே குறைத்துவிட்டு, வரித்துறையிடம் வாங்கிக்கொள்வார். இப்படி மாற்றிய தொகை வாங்கியவரின் வரியைவிடக் கூடுதலாக இருந்தாலும் திருப்பிக் கேட்பதில்லை என்று வரித்துறை தெளிவாகச் சொன்னது. வருமான வரம்பைத் தாண்டியவர் மட்டும் திருப்பிக் கட்ட வேண்டும். நாம் பார்த்த ஐம்பதாயிரம் டாலர் குடும்பத்துக்கு 7,500 டாலர் முழுசாகக் கைக்கு வர, பதினைந்து ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இந்தியாவிலும் இதே கணக்குதான். வருமான வரிச் சட்டத்தின் 80இஇபி பிரிவு, 2019 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை மின்வாகனக் கடன் அனுமதி பெற்றவர்களுக்கு, ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரையிலான வட்டியை வருமானத்தில் கழித்துக்கொள்ள விட்டது. அவ்வளவு வட்டி வர, பத்து சதவீத வட்டியில் பதினைந்து லட்சம் கடன் வேண்டும். முப்பது சதவீத அடுக்கில் இருப்பவருக்கு அதில் மிச்சம் 45,000 ரூபாய், செஸ் தனி. ஐந்து லட்சத்துக்குள் வருமானம் உள்ளவருக்கோ தள்ளுபடி போக வரியே கிடையாது. ஒரு லட்சத்துக்குக் கடனில் மின்ஸ்கூட்டர் எடுத்திருந்தால் இந்தப் பிரிவால் அவருக்கு வந்தது பூஜ்யம். புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கும் அது கிடையாது. மாறாக, 2019 ஆகஸ்ட் 1-ஆம் தேதி மின்வாகன ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியபோது, ஒரு லட்ச ரூபாய் ஸ்கூட்டரில் ஏழாயிரம் ரூபாய் எல்லாருக்கும் குறைந்தது. யாரும் எந்தப் படிவமும் நிரப்பவில்லை. ஏழைக்கும் சேர்த்துத் தர நினைக்கும் அரசு, சலுகையை வண்டியின் விலையில்தான் தர வேண்டும் என்று நான் வாதிடுவதற்கு இந்த ஏழாயிரம் போதும்.

அமெரிக்காவில் அந்த ஏற்பாடு இரண்டு ஆண்டுகூட நிலைக்கவில்லை. 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான சட்டம், செப்டம்பர் 30-க்குப் பிறகு வாங்கும் வண்டிகளுக்குப் புதியது, பழையது இரண்டின் கழிவையும் நிறுத்தியது. கடைசி மூன்று மாதங்களில் ஷோரூம்களில் கூட்டம் முண்டியடித்தது. மின்கார் விற்பனை அதுவரை காணாத உச்சம் தொட்டு, அடுத்த காலாண்டில் சரிந்தது. அதே சட்டத்தில் புதிதாக ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் பூட்டிய புதுக் காருக்குக் கடன் வாங்கினால் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை வட்டியை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். பெட்ரோல் கார், மின்கார் என்ற பேதம் கிடையாது. வருமானத்துக்கு வரம்பு உண்டு என்றாலும், வரி அடுக்கு மேலே போகப் போகத்தான் மிச்சம் கூடும். வரியே இல்லாதவருக்கு ஒன்றும் இல்லை. நம் 80இஇபி-யின் கணக்கு அங்கே போய்விட்டது.

நார்வே 1990-லேயே மின்காரின் மீதான பதிவு வரியை நீக்கி, 2001-இல் மதிப்புக்கூட்டு வரியையும் எடுத்தது. அங்கே இன்று புதுக் கார்களில் பெரும்பாலானவை மின்கார்கள். அந்தச் சலுகையில் யாருக்கு எவ்வளவு போனது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)