பத்துக்குப் பத்து அறையில் பாட்டு கேட்க

கோவையில் புதிதாக எழும் பல வீடுகளில் படுக்கையறை பத்துக்குப் பத்து, கூரையும் பத்தடிதான். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாகிவிடும் இந்த அறை, பாட்டு கேட்பதற்கு மிக மோசமான வடிவங்களில் ஒன்று.

ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 346 மீட்டர் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 3.05 மீட்டர் என்றால், 57 ஹெர்ட்ஸ் அலையின் சரிபாதி அதற்குள் கச்சிதமாக அடங்கி, அங்கேயே நின்று வலுக்கும். இங்கே மூன்று திசையிலும் அதே 57. பேஸ் கிதாரின் ‘ஏ’ தந்தி 55 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டில் அந்தச் சுரம் வரும்போதெல்லாம் அறையும் சேர்ந்து உறுமும். சுவரோரம் இருப்பவருக்குக் காது அடைக்கும். நடுவில் இருப்பவருக்கு அதே சுரம் காணாமலே போய்விடும். சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி உட்காருவது உத்தமம்.

இந்த அறைக்கு ஆளுயர டவர் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். கிராஸ்கட் ரோட்டுக் கடையின் பெரிய ஹாலில் அது அற்புதமாகக் கேட்கலாம். வீட்டில் அந்த 57-ஐத்தான் ஊதிப் பெருக்கும்.

சிற்றிடத்துக்கென்றே பிறந்த ஸ்பீக்கர் ஒன்று உண்டு. வெளி ஒலிபரப்பு வண்டிகளுக்குள் வைத்து ஒலியைச் சரிபார்ப்பதற்காக, 1970-களில் பி.பி.சி. பொறியாளர்கள் எல்.எஸ்.3/5ஏ-வை உருவாக்கினார்கள். உயரம் சுமார் 30 செ.மீ., ஊஃபர் 5 அங்குலம், பெட்டியில் ஓட்டையே கிடையாது. மூடிய பெட்டியில் அடிஒலி மெல்ல மெல்லத் தேயும். அறை தரும் முழக்கம் அந்தக் குறையை ஓரளவு நிரப்பும். ஓட்டை வைத்த பெட்டி வாங்கிவிட்டவர்கள் அதில் ஸ்பாஞ்ச் அடைத்துப் பார்க்கலாம்.

அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருக்கும் ‘பி.எம்.பி.ஓ.’ வாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை, ஆர்.எம்.எஸ். எண்தான் கணக்கு. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 86 டெசிபல் தரும் ஸ்பீக்கர், 10 வாட்டில் 96 டெசிபலைத் தொடும். இந்த அறைக்கு அதுவே தாராளம்.

மீதிப் பணம் துணிக்குப் போகட்டும். 1895-இல் ஹார்வர்டில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சு 5.5 நொடி எதிரொலித்துக் குழம்பியது. சரிசெய்யச் சொல்லப்பட்ட வாலஸ் சபைன், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி, முழக்கம் குறைவதை அளந்தார். அதிலிருந்து அவர் கண்ட சூத்திரப்படி, டைல்ஸ் போட்ட காலி பத்துக்குப் பத்து அறையில் முழக்கம் 2 நொடியைத் தாண்டலாம். இசைக்கு அரை நொடிக்குள் இருப்பது நல்லது. இதற்கான சரக்கைக் கொங்கு நாடே நெய்கிறது! தரைக்குப் பவானி ஜமக்காளம், ஜன்னலுக்குக் கனத்த கரூர்த் திரை, ஸ்பீக்கருக்கு எதிர்ச் சுவரில் நான்கு அங்குலம் தள்ளித் தொங்கும் சென்னிமலைப் போர்வை. சிலம்பும் மேல்ஒலிகள் அடங்கி, வயலினும் குரலும் தெளியும். ஆறு மீட்டர் நீள அடிஒலி அலையைத் துணி பிடிக்காது. அதற்கு ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே இழுப்பது ஒரு வழி.

ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் இரண்டடி ஸ்டாண்ட் நாற்காலியில் அமர்பவருக்கானது. ஜமக்காளத்தில் உட்கார்ந்து கேட்பவருக்கு ஒன்றரை அடி போதும். ஊருக்குள் எந்த வெல்டிங் பட்டறையிலும் அந்த அளவில் அடித்துத் தருவார்கள். குழாய்க்குள் காய்ந்த மணலை நிரப்பிவிட்டால் ஸ்டாண்ட் அதிராது.