தெற்கு பார்க் தெரு கல்லறைத் தோட்டம், கொல்கத்தா

1767இல் திறக்கப்பட்டது. கல்வெட்டுகளில் இறந்தவர்களின் வயதைப் பாருங்கள். முப்பதைத் தாண்டாதவர்கள் பலர்.

உயர்ந்து நிற்கும் ஊசித்தூண் நீதிபதி வில்லியம் ஜோன்ஸுடையது (1746–1794). 1784இல் ஆசியக் கழகத்தை நிறுவினார். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று 1786இல் அவர் ஆற்றிய உரை மொழி ஆராய்ச்சியின் போக்கையே திருப்பியது. அப்போது அவர் சமஸ்கிருதம் படிக்கத் தொடங்கி அதிக காலம் ஆகியிருக்கவில்லை!

இங்கே துயிலும் கவிஞர் ஹென்றி டெரோசியோ கொல்கத்தாவிலேயே பிறந்தவர். இந்துக் கல்லூரி மாணவர்களை எதையும் கேள்வி கேட்கப் பழக்கினார். நிர்வாகம் அவரைப் பதவி விலக வைத்தது. அதே ஆண்டில், 1831இல், காலராவுக்குப் பலியானார். வயது 22.

கோயில் போலத் தெரிவதும் கல்லறைதான். இந்து சமயத்தில் தோய்ந்த படைத்தளபதி சார்லஸ் ஸ்டூவர்ட் (மறைவு 1828) அங்கே அடக்கமாகியிருக்கிறார்.

காரை உதிரும் பழங்கட்டடங்கள் இவை. தயவுசெய்து மேலே ஏறாதீர்கள்.