அசையாச் சொத்து!

வால்வு ரேடியோ பார்த்திருக்கிறீர்களா? தாத்தா வீட்டு மர்ஃபி, புஷ் வகையறா. ஸ்விட்சைப் போட்டதும் பாடாது. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் மினுக்கென்று எரிந்து, சூடேறி, 'உர்ர்ர்' என்று தொண்டையைச் செருமிவிட்டுத்தான் வாயைத் திறக்கும். சில ஆபீஸ் கவுண்ட்டர்கள் மாதிரி! ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே... அது தனி.

அந்த ரேடியோவுக்கு அமெரிக்காவில் ஒரு அண்ணன் உண்டு. பேஸ் கிடாருக்கான வால்வு ஆம்ப்ளிஃபயர். "அம்பது வருஷப் பழசு சார்... அந்த சவுண்டு எந்தப் புதுசுலயும் வராது" என்று சொல்லி, லோன் போட்டாவது அதை வாங்கத் துடிக்கிறார்கள், வாரக் கடைசியில் பாண்டு வாசிக்கிற இளைஞர்கள். வாங்கலாமா? நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே வழி, பற்று வரவு எழுதிப் பார்ப்பது.

முதலில் வரவு.

பேஸ் கிடார் என்பது பாட்டின் அஸ்திவாரம். வாசிக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். நிறுத்தினால் மட்டும், "என்னமோ குறையுதே" என்பார்கள். (குடும்பத்தில் சம்பளம் கொண்டுவருகிறவர் மாதிரி!) 1951-ல் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற கிடாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மறுவருஷமே அதற்கென்று 'பேஸ்மேன்' என்ற ஆம்ப். வேடிக்கை என்னவென்றால், அதைச் சாதா கிடார்காரர்கள் தங்களுக்கென்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்! லண்டனில் ஜிம் மார்ஷல் கடையில் உருவான முதல் ஆம்புக்கும் அதே சர்க்யூட்தான் முன்மாதிரி.

பேஸ்காரர்களுக்கு நிஜமாகவே கை கொடுத்தது ஆம்பெக் கம்பெனி. 1960-ல் அங்கே ஜெஸ் ஆலிவர் வடிவமைத்தது, 'பி-15 போர்ட்டாஃப்ளெக்ஸ்'. 15 அங்குல ஸ்பீக்கர், சுமார் 25 வாட். வாசித்து முடித்ததும் ஆம்பை அப்படியே கவிழ்த்துப் பெட்டிக்குள் அடக்கிவிடலாம். கம்பெனியை ஆரம்பித்த எவரெட் ஹல்லுக்கு ராக் இசையும் ஆகாது, ஒலி கரகரப்பதும் ஆகாது. இன்றைக்கு ஆம்பெக்கின் அந்தக் கரகரப்புக்குத்தான் ஜனங்கள் காசைக் கொட்டுகிறார்கள். பாவம் மனிதர்!

கரகரப்பில் என்ன விசேஷம்? சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்பை அதன் சக்திக்கு மேல் வேலை வாங்கினால், ஒலியின் உச்சியைக் கத்தரிக்கோலால் நறுக்கினாற்போல் ஆகும். காதைக் கிழிக்கும். வால்வு அப்படியில்லை, மெள்ள மெள்ள வளைந்து கொடுக்கும். கரகரத்தாலும் இதமாக இருக்கும். இதை மறுப்பதற்கில்லை.

சரி, பற்றுக்கு வருவோம்.

1969-ல் ஆம்பெக் ஒரு ராட்சசனை இறக்கியது. பெயர் எஸ்.வி.டி. 300 வாட், 14 வால்வுகள். அந்த வருஷ அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு ஆம்பெக்கைத்தான் மேடையேற்றியது. ஆம்ப் மட்டுமே கிட்டத்தட்ட 40 கிலோ. அதற்கு 10 அங்குல ஸ்பீக்கர் எட்டு வைத்த பெட்டி, நாலடி உயரம். செல்லப் பெயர் 'ஃப்ரிட்ஜ்'. முழு சக்தியும் வேண்டுமென்றால் ஃப்ரிட்ஜ் இரண்டு! மூன்றாம் மாடியில் குடியிருக்கிறீர்கள், லிஃப்ட் கிடையாது... மேலே நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏன் இத்தனை பெரிசு? அன்றைய மேடை ஒலிபெருக்கிகள் பாடகருக்கே திண்டாட்டம். கடைசி வரிசைக்கு பேஸ் கேட்க வேண்டுமென்றால் ஆம்ப்தான் தள்ள வேண்டும். இன்று ஒரு ஒயர் நேரே மிக்ஸருக்குப் போகிறது, ஹால் ஸ்பீக்கர்கள் பார்த்துக்கொள்கின்றன. காரணம் போய்விட்டது. கனம் மட்டும் நிற்கிறது!

அப்படியானால் சின்ன பி-15 போதுமே? ரிகார்டிங் அறையில் பேஷாகப் போதும், முன்னால் ஒரு மைக் வைத்தால் சரி. ஆனால் டிரம்ஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வெளுத்து வாங்கும்போது 25 வாட் எங்கே கேட்கும்? சத்தம் காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய வாட் பத்து மடங்காக வேண்டும். இப்போதைய 'கிளாஸ்-டி' ஆம்ப்கள் 500 வாட் தருகின்றன, எடை 3 கிலோவுக்கும் கீழே. டிபன் கேரியர் மாதிரி தூக்கிக்கொண்டு பஸ் ஏறலாம்.

அடுத்து, பராமரிப்பு. ஒரு காலத்தில் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸே ரேடியோ வால்வு தயாரித்தது. இன்று உலகத்தில் ரஷ்யா, ஸ்லோவாகியா, சீனா என்று விரல்விட்டு எண்ணலாம். 2022-ல் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை போட்டதும் இசைக்காரர்களுக்கெல்லாம் வயிற்றைக் கலக்கிவிட்டது. எஸ்.வி.டி.யின் பவர் வால்வுகள் ஆறையும் ஜோடி பார்த்து, செட்டாக மாற்ற வேண்டும். பழைய கண்டென்ஸர்கள் காய்ந்துபோயிருக்கும், அதுவும் செலவு. அமெரிக்க ஆம்ப் என்றால் 120 வோல்ட்; நம் 230-க்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அது 60 சைக்கிளுக்குச் செய்தது. நம் 50 சைக்கிளில் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடாகும்.

இனி தமாஷ் இல்லை. இந்த ஆம்புகளுக்குள் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது, எஸ்.வி.டி.யில் சுமார் 700. ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கின பிறகும் கண்டென்ஸரில் தங்கியிருக்கும். ஸ்க்ரூடிரைவரும் கையுமாகத் திறந்து பார்க்கிற சமாச்சாரமில்லை. பழசுகளில் பல, எர்த் இல்லாத இரண்டு பின் பிளக்கோடு வரும். கை தந்தியில், உதடு மைக்கில் இருக்கும்போது ஷாக் அடித்தால் கச்சேரியோடு ஆளும் முடிந்துவிடும். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்து எர்த்தோடு மூன்று பின் போட்ட பிறகுதான் ஸ்விட்ச். ஸ்பீக்கரை இணைக்காமலும் ஆன் செய்யக் கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

பாங்கில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் பி.எஃப். பணத்தில் கை வைக்க இருந்தார். "ஜேம்ஸ் ஜேமர்சன் சவுண்டு வேணும்ப்பா" என்றார். ஜேமர்சன், டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் கம்பெனியின் புகழ்பெற்ற பேஸ் கலைஞர். கிளப்புகளில் அவர் வைத்துக்கொண்டது பி-15 என்பது நிஜம்தான். ஆனால் மோட்டவுன் ஸ்டூடியோவில் அவருடைய பேஸ் பெரும்பாலும் ஆம்ப் வழியாகவே போகவில்லை. நேரே மிக்ஸருக்குத்தான் ஒயர்! வாசித்ததும் ஆள்காட்டி விரல் ஒன்றால். அந்த விரலுக்குப் பட்டப்பெயரே 'கொக்கி'.

"அப்போ அந்த சவுண்டு?"

"விரல்லப்பா!"

நண்பர் பி.எஃப். ஃபாரத்தை மடித்து டிராயரில் வைத்தார்.

கணக்கை முடிக்கலாம். வாராவாரம் மேடை ஏறுகிறவருக்கு வால்வு ஆம்ப் உதவாது. இலேசான புது ஆம்பே உத்தமம். ஆசை விடவில்லையா? வால்வு வைத்த சின்ன பிரீ-ஆம்ப் கிடைக்கிறது, ருசி பார்க்கலாம். சொந்தமாக ஒரு ஸ்டூடியோ அறை, நம்பகமான மெக்கானிக், கடன் வாங்காத பணம்... இந்த மூன்றும் இருந்தால் தாராளமாக பி-15 வாங்குங்கள். ஒரு மூலையில் வையுங்கள், ரசித்து வாசியுங்கள், அங்கிருந்து நகர்த்தாதீர்கள்.

கணக்குப் புத்தகத்தில் அதற்கான தலைப்பு, அசையாச் சொத்து!